மிஸ்டுக்குள் விழுந்த பந்து

செந்தில்நாதன் அந்தப் பந்தைப் பிடிக்கவில்லை. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு மைதானத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அத்தனை பேரும் அவன் பிடித்தான் என்று நம்பினார்கள், விசிலடித்தார்கள், தோளில் தூக்கி வைத்துச் சுற்றினார்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் அடுத்த ஏழு நாள் படாத பாடு பட்டான்.

ஆள் யாரென்றால், ஊட்டி மெயின் பஜாரில் கெய்சர், ஹீட்டர், மிக்சி, மோட்டார் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். வீடு பெர்ன்ஹில்லில். வயது நாற்பத்தொன்று, உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் சத்தம் வருகிற வயது. பெர்ன்ஹில் டீமில் இருபது வருஷமாக ஆடுகிறான். ஒரு காலத்தில் முதலில் இறங்கி அடித்தவன், அப்புறம் ஏழாவதாக இறங்கினான், இப்போது பதினோராவது. பந்து அதிகம் வராத இடமாகப் பார்த்துப் பவுண்டரிக் கோட்டோரம் நிறுத்திவைப்பார்கள்.

அப்படி நிறுத்தியும் போன வருஷ பைனலில் பந்து அவனைத் தேடிக்கொண்டு வந்தது. நல்ல வெயில், காற்று இல்லை, கைக்கு நேராக இறங்கிய பந்து. விட்டான். கோப்பையும் போயிற்று. மறுநாளிலிருந்து அவனுக்கு ‘ஓட்டைக்கை’ என்று பெயர். டீக்கடையில் கிளாஸை நீட்டும்போது, “பாத்துப் புடிங்க ஓட்டைக்கை, கீழ உட்ராதீங்க” என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவனும் சிரித்து வைப்பான். ஆனால் ஒரு நாள் ஐந்தாவது படிக்கிற மகள் ஹாசினி ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓட்டை ஒண்ணுமே இல்லியேப்பா. வேன்ல எல்லாரும் இருக்குதுங்கறாங்க.”

அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றான்.

இனி மிஸ்டு ரூலைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஆட்டம் நடக்கிற மைதானம் இத்தலார் போகிற வழியில், தேயிலைச் சரிவுக்கு நடுவில் வெட்டின மைதானம். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறும், இங்கே அதை மிஸ்டு என்பார்கள். ஏறினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது மாடா மனுஷனா தெரியாது. ஒரு காலத்தில் மிஸ்டுக்குள் பிடித்தானா விட்டானா என்று சண்டை வந்து, ஸ்டம்பைப் பிடுங்கி மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் வருஷக்கணக்கில் பேச்சு இல்லாமல் போனது. அதற்குப் பிறகு எல்லா டீமும் உட்கார்ந்து பேசி ஒன்று செய்தார்கள். மிஸ்டுக்குள் பந்து போனால் அம்பயர் வாயைத் திறக்கக் கூடாது. பந்தை எடுத்தவன் நடந்து வந்து, அடித்தவன் கையிலேயே பந்தைக் கொடுத்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: எங் கையில வந்துச்சு, அல்லது வரலை. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருவரும் ஒரு சொல் பேசக் கூடாது.

பதினான்கு வருஷமாக அந்த ரூல் ஓடுகிறது. பைனலில் தோற்கப்போகிற நேரத்தில்கூட, “எங் கையில வரலீங்க” என்று சொன்னவர்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஒரு கர்வம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பைனல், பெர்ன்ஹில்லுக்கும் இத்தலாருக்கும். காலையில்தான் மெஷின் வைத்துப் புல் வெட்டியிருந்தார்கள். எல்லார் ஷூவிலும் பச்சைத் துணுக்கு அப்பிக்கிடந்தது. கடைசி ஓவர். இத்தலாருக்குக் கடைசி ஜோடி நின்றது. இரண்டு பந்தில் ஐந்து ரன் வேண்டும். அடிக்கிறவன் லோகு, கேரட் தோட்டத்துக்காரன், இருபத்துநாலு வயசுப் பையன், தனி ஆளாக நாற்பத்தாறு எடுத்து மேட்சை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். பழைய பந்து தேயிலைக்குள் போய்க் காணாமல் போனதால் அப்போதுதான் புதுப் பந்து எடுத்திருந்தார்கள். மிஸ்டு ஏறத் தொடங்கிவிட்டது. நிறுத்தலாமா என்று அம்பயர் விஜயன் கேட்டார். இரண்டே பந்துதானே, முடித்துவிடலாம் என்று இரண்டு கேப்டன்களும் சொல்லிவிட்டார்கள்.

லோகு தூக்கி அடித்தான். பேட்டில் பட்ட சத்தம் மட்டும் செந்தில்நாதனுக்குக் கேட்டது. பந்து வெள்ளைக்குள் போய் மறைந்தது. அவன் குத்துமதிப்பாகப் பின்னால் ஓடினான். ஓடிக்கொண்டே அண்ணாந்து பார்க்கையில் தலைக்கு மேலே திடீரென்று பந்து வந்து, நீட்டின விரல் நுனியில் பட்டு, நழுவி, ஈரப் புல்லில் விழுந்தது. டென்னிஸ் பந்து, சத்தமே இல்லை. குனிந்து எடுத்தான்.

“செந்திலு! என்னாச்சு?” என்று வெள்ளைக்கு அந்தப் பக்கமிருந்து கேப்டன் ரவிக்குமார் கத்தினான்.

ஒரே ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்தில் அவனுக்கு ஹாசினி அவன் கையைத் திருப்பிப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது.

“கேட்ச்!” என்று கத்தினான்.

கத்திவிட்டான், சரி. இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மிஸ்டுக்குள்ளிருந்து நடந்து வர நாற்பது தப்படி இருந்தது. அந்த நாற்பது தப்படியில் மாற்றிச் சொல்லியிருக்கலாம். நடந்து வந்து, லோகுவின் கையில் பந்தை வைத்து, அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து, “எங் கையில வந்துச்சு” என்றான்.

லோகு பந்தை ஒரு திருப்புத் திருப்பினான். குனிந்து அதைப் பார்த்தான். நிமிர்ந்து இவனைப் பார்த்தான்.

“வந்துச்சுங்களாண்ணா?”

“வந்துச்சுப்பா.”

“சரிங்கண்ணா.” பந்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். “நீங்களே வெச்சுக்கங்க.” பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒரே கூத்து. மழையும் சேர்ந்து கொட்டியதால், கோப்பை கொடுக்கிறதை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். ஜீப்பில் வரும் வழியெல்லாம் ரவிக்குமார் அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தான். “ஓட்டைக்கைன்னு இனி எவனாச்சும் சொல்லட்டும், பல்லைப் பேத்துப்போடறேன்” என்றான். செந்தில்நாதனும் சிரித்தான். கன்னம் வலிக்கிற அளவுக்குச் சிரித்தான்.

வீட்டில் மனைவி உமாராணி பந்தைத் துடைத்து ஷோகேஸில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவன் அதை எட்டிப் பார்த்தான். பஞ்சு மாதிரி இருக்கிற அதன் மேல்தோலுக்குள் நான்கைந்து புல் துணுக்குகள் பிசிறு பிசிறாகச் சிக்கியிருந்தன. வாயில் இருந்த பேஸ்ட்டை விழுங்கிவிட்டான். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன இடுக்கியை எடுத்து, ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கி வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பிடுங்கினதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? டீக்கடையில் அவனுக்குக் காசு வாங்கவில்லை. கிளாஸை நீட்டின மாஸ்டர், “புடிங்க, நீங்க எதையும் புடிப்பீங்க” என்றார். வாங்கும்போதே டீ சட்டையில் கொட்டியது. எல்லாரும் அதை ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஹாசினி நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். இங்கிலீஷ் மிஸ் ஒரு வாரத்துக்கு ஹோம்வொர்க் கொடுத்திருந்தாராம். ஒரே வார்த்தை, ஐந்து அர்த்தம், ஐந்து வாக்கியம். அடுத்த திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வார்த்தை. அவளுக்கு வந்தது என்ன வார்த்தை என்று கேட்க வேண்டுமா?

“கேட்ச்சுப்பா!” என்று குதித்தாள். “சீட்டு எடுத்தேன், அதுவே வந்துச்சு. மொதல் வாக்கியம் எழுதிட்டேன். மை ஃபாதர் டுக் த கேட்ச். மிஸ்ஸு பாத்துட்டு, உங்கப்பாவான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.”

“அத விட்டுப்போட்டு வேற எழுதலாமே கண்ணு. பஸ்ஸு புடிக்கறது.”

“அது ரெண்டாவது.”

“சளி புடிக்கறது?”

“மூணாவது.”

“கடையில மேக்னட் கேட்ச்னு ஒண்ணு விக்கறாங்க பாரு. பீரோக் கதவு தொறந்துக்காம டக்குனு புடிச்சுக்கும்.”

அவள் யோசித்து, அதையும் நாலாவதாக எழுதிக்கொண்டாள். அப்புறம் பென்சிலைக் கடித்தபடி, “அஞ்சாவது போலீஸ் திருடனைப் புடிக்கறது வெச்சுக்கறேன்” என்றாள். “இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க.”

அவன் பேனாவை வாங்கினான். முதல் வாக்கியம் தாளின் உச்சியில், கலர் ஸ்கெட்ச்சில், சுற்றிப் பூப் போட்டு இருந்தது. ஐந்தாவது வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் அவன் கண் மேலும் கீழும் போய்வந்தது.

“அப்பறம் போடறேன் கண்ணு. அடுத்த வாரம்தானே.”

செவ்வாய்க்கிழமையும் அப்புறம். புதன்கிழமையும் அப்புறம். ஹாசினி நோட்டோடு வருகிற சத்தம் கேட்டால் அவன் மாடியில் தண்ணீர் டேங்க்கைப் பார்க்கப் போனான். டேங்க்கில் என்ன இருக்கும்? தண்ணீர்தான் இருந்தது.

கடையிலும் கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. மோட்டார் காயிலுக்குச் செப்புக்கம்பி கட்டும்போது சுற்றின எண்ணிக்கை மறந்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினான். ஒரு கெய்சரைப் பிளக்கைப் பிடுங்காமலே திறந்து ஷாக் வாங்கினான். தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டான். விரல்ல பட்டுச்சுல்ல? பட்டுச்சு. இன்னும் ஒரு அங்குலம் கிட்ட இருந்திருந்தா பிடிச்சிருப்பமா? பிடிச்சிருப்போம். அப்பறம் என்ன? என்னவா? பிடிக்கலையே. இப்படி வாதியும் அவனே, வக்கீலும் அவனே, தீர்ப்பு மட்டும் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. இறங்கினவன் லோகு. தோளில் ஒரு மோட்டார். கேரட் கழுவுகிற தொட்டிக்குத் தண்ணீர் இழுக்கிற மோட்டாராம், காயில் எரிந்துவிட்டதாம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். கனம் கடைக்கே ஏறி வந்தால் எங்கே ஓடுவது?

“உங்கூருக்குப் பக்கத்துல எமரால்டுலயே கடை இருக்குதேப்பா. இவ்வளவு தூரம் சொமந்துட்டு வந்திருக்க?”

“இருக்குதுங்கண்ணா. உங்ககிட்டயே வரலாம்னுதான் வந்தேன்.”

மோட்டாரை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். போகிற மாதிரி தெரியவில்லை. மேட்ச்சைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை பேசவில்லை. செந்தில்நாதனுக்குத்தான் வாய் நிற்கவில்லை.

“ஊருல என்ன சொல்றாங்க?”

“என்னத்தைச் சொல்றாங்க. மிஸ்டுல எவனாச்சும் தூக்கி அடிப்பானாங்கறாங்க. கீழயே தள்ளிவிட்டு ஓடியிருந்தா கப்பு நம்மூர்லதான் இருந்திருக்கும்கறாங்க. எங்க பெரியப்பா பேசறதே இல்லீங்க. அடுத்த வருசம் டீம்ல வேற ஆளு பாத்துக்கறோம்னுட்டாங்க.” சிரித்தான். சிரிப்பில் சண்டை எதுவும் இல்லை. அதுதான் செந்தில்நாதனுக்குத் தாங்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எதிர்த்துத் திட்டிவிட்டுத் தேறியிருப்பான்.

இவன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் போல இருந்தது. வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடை சுபுஹான் பாய் எட்டிப் பார்த்து, “என்ன கேட்ச் மாஸ்டர், வியாபாரம் நடக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். வாய்வரை வந்தது திரும்ப உள்ளே போய்விட்டது.

“சனிக்கெழமை வாப்பா. ரெடி பண்ணி வெக்கறேன்” என்றான்.

லோகு எழுந்தான். வாசல்வரை போனவன் நின்றான். “வேற ஒண்ணும் இல்லீங்களாண்ணா?”

“ஒண்ணுமில்ல. காயில் மட்டுந்தான் போயிருக்குது.”

“சரிங்கண்ணா.”

அதே ‘சரிங்கண்ணா’. மைதானத்தில் சொன்ன அதே மாதிரி. வண்டி போன பிறகு செந்தில்நாதன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான். அவமானமாக இருந்தது. நாற்பத்தொரு வயசு ஆள், இருபத்துநாலு வயசுப் பையன் பெயரை எடுத்துத் தன் பெயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றிற்று. அப்படித் தோன்றியும் மறுநாள் டீக்கடையில், “மிஸ்டுல எப்படீங்க கண்ணு தெரிஞ்சுது?” என்று ஒருவர் கேட்டபோது, “எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்” என்று பதில் சொன்னான். சொல்லிவிட்டுத் தன்னையே மனசுக்குள் நல்ல வார்த்தையாகப் பார்த்து நாலு திட்டுத் திட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உமாராணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறைக்குள் வந்தான், போனான், வந்தான்.

“ஏனுங்க, பூனை குட்டியத் தூக்கிட்டுத் திரியற மாதிரி என்னத்துக்கு இப்பிடி அலையறீங்க? ஒரு வாரமா பாக்கறேன். சோறும் எறங்கல. அந்தப் புள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போட நேரமில்ல.”

“உமா. நான் அந்தப் பந்தைப் புடிக்கல.”

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை. மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

“ஏதாச்சும் சொல்லேன்” என்றான்.

“எங்கிட்ட சொல்லி என்னாகுது? பந்த எங்கிட்டயா குடுத்தீங்க?”

அவனுக்கு யாரோ பிடரியில் ஒன்று வைத்த மாதிரி இருந்தது. “சொன்னா கப்பு போயிரும் உமா. ரவிக்குமார் மூஞ்சில முழிக்க முடியாது. பாப்பா வேற ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கறா. மறுபடியும் ஓட்டைக்கைன்னு…”

“ஓட்டைக்கைன்னு சொன்னப்ப சோறு தின்னுட்டுத்தானே இருந்தீங்க” என்றாள் உமாராணி. பீன்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மோட்டார் ரெடியாக இருந்தது. லோகு வரவில்லை; பிக்கப் டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போனான். அதோடு அந்த வழியும் அடைபட்டது. இனி சொல்வதென்றால் எல்லார் முன்னாலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எமரால்டு அணைத் தண்ணீர் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. மைதானத்தில் சாமியானா, மைக், கோப்பை. ஹாசினி முன் வரிசையில் புதுக் கவுன் போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் உமாராணி. செந்தில்நாதன் பந்தைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தான். அதைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை வேர்த்திருந்தது. மைக்கில் யார் என்ன பேசினார்கள் என்று அவன் காதில் ஏறவில்லை. இரண்டு தடவை எழுந்து ஷூ லேஸைக் கட்டினான். அவிழ்ந்திருக்கவே இல்லை.

“கோப்பையை வாங்கறதுக்கு முன்னாடி, நம்ம கேட்ச் மாஸ்டருக்கு ஒரு பொன்னாடை” என்று ரவிக்குமார் மைக்கில் கூப்பிட்டான். கைதட்டல். விசில்.

செந்தில்நாதன் எழுந்தான். மேடைப் பக்கம் போகவில்லை. சாமியானாவின் மறுகோடியில் இத்தலார் டீம் உட்கார்ந்திருந்தது, அங்கே போனான். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசி நாற்காலியில் லோகு. அவன் எழுந்து நின்றான். செந்தில்நாதன் அவன் கையை எடுத்து, உள்ளங்கையில் பந்தை வைத்து, முகத்தைப் பார்த்தான்.

“எங் கையில வரலப்பா.”

யார் வீட்டுக் குழந்தையோ பிஸ்கட் கேட்டு அழுதது மட்டும் கேட்டது.

லோகு பந்தைத் திருப்பினான். அன்றைக்குத் திருப்பின அதே மாதிரி. “புல்லையெல்லாம் எடுத்துட்டீங்களாங்கண்ணா?” என்று மெதுவாகக் கேட்டான்.

செந்தில்நாதன் பந்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். “உனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே பாத்தேனுங்க. நாலஞ்சு ஒட்டியிருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா. பந்தக் காட்டியிருந்தா முடிஞ்சுதே.”

“அதெப்படிங்கண்ணா? நீங்க கையில வந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல யாரும் பேசக்கூடாதுங்கறது தானுங்களே ரூலு.” பையன் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. “கடைக்கு வந்தா சொல்லுவீங்கன்னு வந்தேன். வேற ஒண்ணும் இல்லீங்களான்னும் கேட்டேன்.”

ஊரே தன்னைத் திட்டியபோதும் கையில் இருந்த சாட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பையன் முன்னால், செந்தில்நாதன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். பொன்னாடை அல்ல, கழுத்து வேர்வை துடைக்கிற பழைய துண்டு.

ரவிக்குமார் மைக்கைப் போட்டுவிட்டு வந்தான். “கப்பு வாங்க வந்த எடத்துல இதென்ன கூத்து? ஒரு வாரம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?” என்று கத்தினான். அவன் கேட்டதில் தப்பில்லை. அம்பயர் விஜயன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். அவருக்கும் இது புதுசு. பதினான்கு வருஷத்தில் ஒருவரும் சொன்னதைத் திரும்ப வாங்கினதில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அன்றைக்கு லோகுவும் கூட நின்றவனும் இரண்டு ரன் ஓடி முடித்திருந்தார்கள். மீதி மூன்று ரன், ஒரு பந்து.

“கேட்ச் இல்லீன்னா மேட்ச் முடியல. ஒரு பந்து பாக்கி இருக்குது. ஸ்டம்பை நடுங்கடா” என்றார்.

நட்டார்கள். வேட்டி கட்டியிருந்தவர்கள் வேட்டியோடும், செருப்போடு வந்தவர்கள் செருப்போடும் ஃபீல்டிங் நின்றார்கள். செந்தில்நாதன் பழைய இடத்துக்கே போனான். வெயிலில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்தத் தடவை வந்தால் பிடித்துவிட வேண்டும் என்று கையை விரித்துக்கொண்டு நின்றான். சாமியே, இங்கே வரட்டும் என்று வேண்டிக்கூடக் கொண்டான்.

பந்து அவன் பக்கமே வரவில்லை. லோகு இந்த முறை தூக்கவில்லை. எதிர்ப்பக்கம், தரையோடு, வேலி வரைக்கும் போனது. நாலு. இத்தலார்க்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். முதலில் ஓடி வந்து லோகுவைத் தூக்கினவர் அவனுடைய பெரியப்பா.

திரும்பி வருகையில் ஜீப்பில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. ஓட்டைக்கை என்றுகூட யாரும் சொல்லவில்லை. சொன்னால் தேவலை போல இருந்தது. பெர்ன்ஹில்லில் இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. ஹாசினி வழியெல்லாம் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தவள், இறங்கியதும் ஓடிப்போய் உள்ளறையில் நுழைந்துகொண்டாள். அவன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டு, கழற்றி முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹாசினி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. நோட்டின் உச்சியில் ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் பஞ்சாகியிருந்தது. ஸ்கெட்ச் கலர் முழுசாகப் போகவில்லை. பூ அப்படியே இருந்தது. பூவுக்கு நடுவில் பென்சிலில் புதுசாக எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தான். மை ஃபாதர் டிட் நாட் கேட்ச் த பால்.

“மிஸ்ஸு கேட்டா என்ன சொல்லுவ?”

“அப்பாவே சொன்னாருன்னு சொல்லுவேன்” என்றாள். பேனாவை நீட்டினாள். “நாளைக்குக் கடைசி நாள்ப்பா.”

அவன் நோட்டை முட்டியில் வைத்து, கோட்டின் மேல், ஒரு எழுத்து விடாமல் முழுப் பெயரையும் போட்டான். ஹாசினி மை காயட்டும் என்று ஊதிவிட்டு, நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.